கேனில் குறையாத தண்ணீர்

காலையில் தண்ணீர் பிடிக்கக் கேனைத் தூக்கியபோதுதான் ஜோதிக்குத் தெரிந்தது. கேன் நிறைந்திருந்தது.

நேற்று அதில் தண்ணீர் பிடித்த ஞாபகம் இல்லை. முந்தாநாளும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அந்த வாரம் முழுக்கவே பிடிக்கவில்லை.

அது ஜீப்பின் ரேடியேட்டருக்கு ஊற்றும் ஐந்து லிட்டர் கேன். ஜீப்பில் ஜோதி உட்காருவது பின்கதவை ஒட்டிய மூலையில். கேன் அவள் காலடியில் இருக்கும். போடியிலிருந்து விடியும் முன் கிளம்பும் அந்த ஜீப்பு, பதினாலு பெண்களோடு போடிமெட்டு ஏறி, கேரள எல்லை தாண்டி, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் அவர்களை இறக்கிவிடும். சாயங்காலம் திரும்ப ஏற்றிவரும். ஓட்டுவது அவள் வீட்டுக்காரர் வெள்ளைத்துரை. இருபத்தாறு வருசமாக அதே சாலை, அதே பதினேழு வளைவு.

இரண்டு மாதமாக ஒன்பதாவது வளைவு தாண்டியதும் வண்டி நிற்கிறது.

"சூடாயிருச்சு" என்பார் வெள்ளைத்துரை. "அந்தக் கேனக் கொண்டா."

கேனை வாங்கிக்கொண்டு முன்னால் போய் பானட்டைத் தூக்குவார். பானட்டுக்குப் பின்னால் ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம் நிற்பார். பெண்கள் இறங்கி இடுப்பை நிமிர்த்துவார்கள். ஜோதிக்கு அடுத்த இடத்தில் உட்காரும் சுப்புத்தாய் வெற்றிலையை எடுப்பாள்.

"வண்டிக்கும் வயசாகுதுல்ல. அதுக்கும் மூட்டு வலிக்கும்."

பிறகு பானட்டை மூடும் சத்தம் கேட்கும். கேன் திரும்ப வரும். ஜோதி அதை வாங்கிக் காலடியில் வைப்பாள். இவ்வளவுதான். கையில் கனத்ததைக் கை கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

அன்றைக்கு ஒன்பதாவது வளைவில் வண்டி நின்றதும் அவள் பெண்களோடு நிற்காமல் முன்னால் நடந்தாள்.

ஆவி எதுவும் வரவில்லை. ரேடியேட்டர் மூடி மூடியபடி இருந்தது. கேன் தரையில் இருந்தது. வெள்ளைத்துரை ஒரு கையை மட்கார்டில் ஊன்றிக் குனிந்திருந்தார். மற்றொரு கை நெஞ்சின் நடுவில் விரித்து வைத்தபடி இருந்தது. யாரோ பிடுங்க வருகிற பொருளைப் பொத்திக்கொள்வது மாதிரி. நெற்றி வேர்த்திருந்தது. பனி இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

அவளைப் பார்த்ததும் கையை எடுத்தார்.

"போயி ஏறு."

"எத்தன நாளா மாமா?"

"ஏறுன்றேன்ல."

அவள் ஏறினாள். மீதி எட்டு வளைவுக்கும் கம்பியைப் பிடித்தபடி அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு போனாள். பவர் ஸ்டீரிங் இல்லாத பழைய வண்டி. ஒவ்வொரு வளைவிலும் அவர் தோளால் ஸ்டீரிங்கை இழுத்தார். வலது பக்கம் தடுப்புச் சுவர் முழங்கால் உயரம்தான். அதற்கு அப்பால் போடி ஊர் விளக்குகள் வெகு கீழே அணையாமல் கிடந்தன. பெண்கள் சிலர் தூங்கினார்கள். ஒருத்தியின் தலை ஜோதியின் தோளில் சாய்ந்தது.

*

போடி டாக்டர் ஈசிஜி எடுத்தார். நன்றாக இருக்கிறது என்றார். எக்கோ ஸ்கேன் எடுத்தார். அதுவும் நன்றாக இருந்தது.

"பெறகு என்ன?" வெள்ளைத்துரை சட்டையை மாட்டினார்.

"படுத்துக்கிடக்கும்போது நல்லா இருக்கு" என்றார் டாக்டர். "உங்களுக்கு வலி படுத்துக்கிடக்கும்போதா வருது? தேனியில ஒரு இடத்துல டிரெட்மில்லுல நடக்கவிட்டு, இதயம் வேகமா அடிக்கிறப்பவே எக்கோ எடுப்பாங்க. இரத்தக்குழாய் எங்கயாவது சுருங்கியிருந்தா அப்பத்தான் தெரியும்."

வெள்ளைத்துரைக்கு அது உடனே புரிந்தது.

"செட்டுல நிக்கிற வண்டில கோளாறு தெரியாது. லோடு ஏத்தி மேட்டுல விட்டாத் தெரியும். அதானே சார்?"

"அதேதான்."

டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். இதயத்தை ரொம்ப வேகமாக அடிக்கவிடாத மாத்திரை. தினம் ஒன்று. தேனிக்குக் கடிதமும் எழுதினார். திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு நிபந்தனை. சோதனைக்கு இரண்டு நாள் முன்பே அந்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டும்.

மாத்திரை அட்டை ஜோதியிடம் இருந்தது. அவரிடம் இருந்தால் மறந்துவிடுவார். மலையடிவாரத்தில் முந்தல் செக்போஸ்டுக்கு எதிரே ஜீப்பு டீக்கு நிற்கும். அங்கே அவள் இறங்கிப்போய் அவர் கையில் ஒன்றை வைப்பாள். சனிக்கிழமை வைக்கவில்லை. ஞாயிறு வண்டி ஓடாது. அன்றும் கொடுக்கவில்லை.

அவர் கேட்கவும் இல்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியம். மாத்திரை இல்லாமல் பயப்படுவார் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மலைச்சாமி வீட்டுக்குப் போய்வந்தவர் சிரித்த முகத்தோடு இருந்தார். மலைச்சாமி இன்னொரு ஜீப்பு ஓட்டுகிறவர். இருவரும் ஒரே வருசம் ஸ்டீரிங் பிடித்தவர்கள்.

"அண்ணன் என்ன சொல்லுச்சு?"

"என்ன சொல்லும். இதெல்லாம் ஒரு சோலியான்னுச்சு."

*

தேனியில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். பானுப்பிரியா என்ற பெண்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். முப்பது வயது இருக்கும். பேச்சில் அவசரம்.

"ஐயா, நல்லாக் கேட்டுக்கங்க. மிஷின் நின்னதும் அப்படியே இறங்கி இந்தக் கட்டில்ல இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கணும். ஒரு நிமிசத்துக்குள்ள படம் எடுத்தாகணும். இதயம் ஆறிப்போச்சுன்னா ஒண்ணும் தெரியாது. தண்ணி வேணும், துண்டு வேணும்னு எங்கயும் போகக் கூடாது."

"நான் என்ன சின்னப் பிள்ளையா ஆத்தா?"

"நேத்து ஒரு சார் பெரிய ஆபீசர். மிஷினை விட்டு இறங்கி நேரா கண்ணாடி முன்னாடி போயித் தலை சீவுறாரு."

வெள்ளைத்துரை சிரித்தார். சட்டையையும் போனையும் ஜோதியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

ஜோதி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். சட்டையில் டீசல் வாசம் அடித்தது. உள்ளே மிஷின் ஓடத் தொடங்கும் சத்தமும், பிறகு காலடிச் சத்தமும் கேட்டன. முதலில் மெதுவாக. பிறகு கொஞ்சம் வேகமாக. அந்தக் காலடிகளோடு சேர்ந்து அவள் வளைவுகளை எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

போன் அடித்தது. மலைச்சாமி.

அவள் எடுத்துக் காதில் வைப்பதற்குள் அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"என்ன மாப்ளே, பாஸா? நேத்துப் பொழுது சாய ஒண்ணு, காலைல ஒண்ணு, சொன்னபடி போட்டேல்ல? போட்டாப் பதறாது. நான் லைசென்சு புதுப்பிக்கிறப்பல்லாம் அப்படித்தானப்பா டாக்டரு முன்னாடி போயி உக்கார்றேன். நாடியப் பிடிச்சுட்டு இருவது வயசுப் பையன்மாதிரி இருக்கய்யான்றாரு. என் பிரஷர் மாத்திரைக்கு இனிமே நீதான்டா காசு…"

"அண்ணே, நான் ஜோதி."

அந்தப் பக்கம் செருமுகிற சத்தம் கேட்டது.

"ஆத்தா, டவர் இல்ல ஆத்தா" என்றார் மலைச்சாமி. போன் அணைந்தது.

ஜோதி போனை மடியில் வைத்தாள்.

எல்லா டிரைவர்களும் செய்கிற காரியம்தான். லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்து வேண்டும். நாற்பது தாண்டியவர்களுக்கு அது ஒரு கண்டம். பிரஷர் இருக்கிறவர்கள் அன்று காலையில் ஒன்றுக்கு இரண்டாக மாத்திரை போட்டுக்கொண்டு போவார்கள். அதுவும் இதயத்தை வேகமாக அடிக்கவிடாத மாத்திரைதான். வெள்ளைத்துரை இதையும் அப்படி நினைத்திருக்கிறார். நோயைப் பார்க்கிற இடத்துக்கு, நோயை ஒளித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

கதவைத் தட்ட வேண்டும். எழுந்தாள். தட்டி என்ன சொல்வது? உள்ளே இருப்பவர் அவள் புருசன். வெளியாட்கள் முன்னால் அவரை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் வண்டி நின்றுவிடும். பதினாலு பேருக்கு வேலைக்குப் போக வேறு ஜீப்பு தேட வேண்டும். காய் எடுக்கிற நேரம். எல்லா ஜீப்பும் நிரம்பி வழிகின்றன. சொல்லாவிட்டால் நாளைக் காலை ஒன்பதாவது வளைவு.

உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

காலடிச் சத்தம் நின்றது. ஏதோ உருண்டது. பானுப்பிரியாவின் குரல், "படுங்க, படுங்க, வெரசா."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"அம்மா, உள்ள வாங்க. டாக்டர் கூப்பிடுறாரு."

*

வெள்ளைத்துரை இடது பக்கமாகப் படுத்திருந்தார். நெஞ்சில் ஜெல் மினுங்கியது. டாக்டர் ராஜாராம் ஸ்கேன் கருவியை அவர் விலாவில் அழுத்திப் பிடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த மனிதர். பேசும்போதும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காதவர்.

"பத்து நிமிசம் நடந்திருக்காரு. கால் வலிக்கல. மூச்சு வாங்கல. ஆனா துடிப்பு நூத்தி ரெண்டுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. இவர் வயசுக்கு நூத்தி நாப்பதாவது வரணும். மாத்திரை நிறுத்தினீங்களா?"

"சனிக்கிழமையே நிறுத்தியாச்சு சார்" என்றார் வெள்ளைத்துரை. "அட்டை இவகிட்டதான் இருக்கு. கேளுங்க."

ஜோதி பையைத் திறந்தாள். அட்டையை எடுத்து நீட்டினாள். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது.

"மலைக்காரங்க இல்லையா. நடந்து பழகின ஒடம்பு. சிலருக்கு இப்படித்தான் மெதுவா ஏறும்." அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "இந்த வேகத்துல பார்த்தவரைக்கும் குறை ஒண்ணும் தெரியல. அப்படித்தான் எழுத முடியும்."

வெள்ளைத்துரையின் முகம் விரிந்தது. செக்போஸ்டில் கம்பு தூக்கிவிட்டால் அவர் முகம் அப்படித்தான் விரியும்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல" என்றார் ஜோதியிடம்.

பானுப்பிரியா ஜெல்லைத் துடைக்கக் காகிதம் கொடுத்தாள். டாக்டர் பேனாவை எடுத்தார். முனை காகிதத்தைத் தொட்டது.

"சார்" என்றாள் ஜோதி.

"சொல்லுங்கம்மா."

"இது எங்க அட்டை சார். இவர் போட்டது மலைச்சாமி அண்ணன் அட்டை."

வெள்ளைத்துரை நெஞ்சைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"எத்தனை?"

"ரெண்டு" என்றாள் ஜோதி. "நேத்துச் சாயங்காலம் ஒண்ணு, காலைல ஒண்ணு."

"எதுக்கு வெள்ளைத்துரை?"

அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "நீங்க ஒரு வார்த்தை எழுதிட்டீங்கன்னா நான் ஸ்டீரிங்கத் தொட முடியாது சார்."

டாக்டருக்குக் கோபம் வரும் என்று ஜோதி எதிர்பார்த்தாள். வரவில்லை.

"லோடே ஏத்தாம வண்டியை மேட்டுல ஓட்டிக் காட்டியிருக்கீங்க" என்றார். "அதை வச்சு நான் எதுவும் எழுத முடியாது. புதன்கிழமை திரும்ப வாங்க. அதுவரைக்கும் அந்த மாத்திரை வேணாம், யாரு அட்டையிலயும் வேணாம். வலி வந்தா நாக்குக்கு அடியில வைக்க ஒண்ணு தர்றேன். அப்புறம், வண்டியைத் தொடாதீங்க."

*

பஸ்ஸில் அவர் ஆண்கள் பக்கம் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். போடியில் இறங்கி வீடு வரைக்கும் நாலடி முன்னாலேயே நடந்தார். வாசலில் திரும்பினார்.

"பதினாலு பொம்பளைக சோத்துல மண்ணப் போட்டுட்ட."

"அந்தப் பதினாலு பேரும் உங்க முதுகுக்குப் பின்னாடிதான உக்காந்திருக்காக" என்றாள் ஜோதி. "நானுந்தான்."

செவ்வாய்க்கிழமை விடியும் முன் பெண்கள் வந்துவிட்டார்கள். வண்டி இல்லை என்று ஜோதி சொன்னாள். காரணம் சொல்லவில்லை. சுப்புத்தாய் மட்டும் கிட்டே வந்தாள்.

"வண்டிக்கா, அண்ணனுக்கா?"

ஜோதி வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்டி. ஆவி வராத ரேடியேட்டர எங்க கண்டோம்." சுப்புத்தாய் வெற்றிலைப் பையை இடுப்பில் செருகினாள். "மலைச்சாமி வண்டில நெருக்கியடிச்சு ஏறிக்கிறோம். நீ போயி அண்ணனப் பாரு."

அன்று முழுக்க அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கிறோம் என்று தெரியாமல் பார்க்க வேண்டியிருந்தது. அரிசி களைந்தபடி. துணி உலர்த்தியபடி. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை முந்தானை முடிச்சில் வைத்திருந்தாள். மணிக்கொரு தரம் அதைத் தொட்டுப் பார்த்தாள். தேனி டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னதில் அவளுக்குச் சம்மதம் இல்லை. மாத்திரை போட்டால் படத்தில் தெரியாது. போடாமல் இருந்து அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டுக்கும் நடுவில் புதன்கிழமை பத்து மணி வெகு தூரத்தில் இருந்தது.

சாயங்காலம் அவர் டீக்கடைக்குப் போனார். தெரு சற்று மேடு. திரும்பி வரும்போது பாதியில் மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றார். கம்பத்தில் யாரோ வீட்டுக் காதுகுத்துப் போஸ்டர் ஒட்டியிருந்தது. அதைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்துத் தெரியாது. கண்ணாடி வீட்டுக்குள் அலமாரியில் இருந்தது.

நூறு வரை பார்க்கலாம் என்று ஜோதி வாசலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். முடிச்சை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். எண்பதில் அவர் கம்பத்தை விட்டு நடந்தார்.

"யாரு வீட்டுக் காதுகுத்து?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சவுகதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

*

புதன்கிழமை பானுப்பிரியா ஜோதியையும் உள்ளே விட்டாள். திரைச்சீலைக்கு அருகில் நிற்கச் சொன்னாள்.

முதலில் படுக்கவைத்து எடுத்தார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ விரிந்து சுருங்கியது. ஜோதிக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு மிஷினில் ஏற்றினார்கள். நெஞ்சில் வயர்கள் தொங்கின. பெல்ட் நகர்ந்தது. வெள்ளைத்துரை நடந்தார்.

மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பெல்ட் தலையை உயர்த்தியது. வேகமும் கூடியது. பானுப்பிரியா எண்களைச் சொன்னாள். தொண்ணூத்தி ஆறு. நூத்திப் பத்து. திங்கட்கிழமை நின்ற இடத்தை எண் தாண்டியதை ஜோதி பார்த்தாள். நூத்தி பதினெட்டு. நூத்தி இருபத்தாறு.

அவர் கம்பியைப் பிடித்திருந்த விதம் மாறியது. இரண்டு கையும் அகன்று, தோள் முன்னால் வந்தது. அந்த முதுகை அவளுக்குத் தெரியும்.

"சார், அவருக்கு வலிக்குது" என்றாள்.

"வலிக்குதா வெள்ளைத்துரை?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்றுதான் ஆட்டினார். இரண்டடி நடந்தார். பிறகு, யாரையும் பார்க்காமல், மூச்சுக்கு நடுவில் சொன்னார்.

"ஒம்பதாவது வளைவு வந்திருச்சு ஜோதி."

டாக்டருக்கு அது விளங்கவில்லை. விளங்கத் தேவையிருக்கவில்லை. பானுப்பிரியா நூத்தி முப்பத்தெட்டு என்றாள். வயர்கள் வழியாக ஓடும் ஈசிஜி கோடு சரிந்திருந்தது. டாக்டர் கையைக் காட்டினார். பெல்ட் நின்றது. வெள்ளைத்துரை இறங்கினார். தண்ணீர் கேட்கவில்லை. துண்டு கேட்கவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போய் இடது பக்கமாகப் படுத்தார். டாக்டரின் கை விலாவில் இறங்கியது. "மூச்சை விடுங்க. நிறுத்துங்க. அப்படியே. மூச்சை விடுங்க."

பானுப்பிரியா அவர் நாக்குக்கு அடியில் மருந்து அடித்தாள். அவர் நிறம் மெல்லத் திரும்பியது.

டாக்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. ஒரே துடிப்பு திரும்பத் திரும்ப.

"இது நடக்கிறதுக்கு முன்னாடி. சுவர் எல்லாப் பக்கமும் ஒண்ணா உள்ள வருது பாருங்க. இது நடந்தப்புறம். இந்த இடம்."

அவர் விரலை வைத்த இடத்தை ஜோதி பார்த்தாள். இப்போது புரிந்தது. தோட்டத்தில் பெண்கள் வரிசையாகக் குனிந்து காய் எடுத்தபடி சரிவில் ஏறுவார்கள். எல்லோரும் ஒரே சமயம் அடுத்த தூருக்கு நகர்வார்கள். ஒருத்திக்கு முடியாவிட்டால் சத்தம் போடமாட்டாள். வரிசை மேலே போகும், அவள் மட்டும் நின்ற இடத்தில் நிற்பாள். கங்காணிக்கு அது ஒரே பார்வையில் தெரியும். திரையில் முன்பக்கச் சுவரின் ஒரு துண்டும் இதயத்தின் நுனியும் அப்படி நின்றுகொண்டிருந்தன. சுற்றியிருந்ததெல்லாம் வேகமாக உள்ளே வந்து வெளியே போனது.

"அதுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் சுருங்கியிருக்கு. மெதுவா அடிக்கிறப்பப் போதும். வேகமா அடிக்கிறப்பப் பத்தல." டாக்டர் கருவியை மறுபடி வைத்தார். "இப்பப் பாருங்க. ஆறினதும் திரும்ப வேலை செய்யுது. செத்துப்போன சதை இப்படித் திரும்பாது. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. எவ்வளவு சுருக்கம்னு மதுரையில ஆஞ்சியோ பண்ணிப் பார்த்துரணும். இந்த வாரமே."

வெள்ளைத்துரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு படுத்து எடுத்த படத்தை அவர் பார்க்கவில்லை. நின்றுபோன துண்டைத்தான் பார்த்தார்.

"சார், இதோடதான் நான் மலை ஏறிட்டு இருந்தேனா?"

"ஆமா."

"பதினாலு பேரோட."

டாக்டர் எழுதத் தொடங்கியிருந்தார். வெள்ளைத்துரை ஜோதியைத் தேடிக் கையை நீட்டினார். சட்டைக்காக என்று நினைத்து அவள் சட்டையைக் கொடுத்தாள். அவர் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கை வேர்த்திருந்தது. பானுப்பிரியா வயர்களைக் கழற்றும்வரை விடவில்லை.

*

மதுரையில் சுருங்கிய குழாய்க்குள் ஸ்டென்ட் என்னும் வலைக்கம்பி வைத்தார்கள். வெள்ளைத்துரை வீட்டில் இருந்தார். மூன்று மாதம் கழித்துத்தான் ஸ்டீரிங்கைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் காலையில் எழுந்து ஜீப்பைத் துடைத்தார். பெட்ஷீட் போட்டு மூடினார்.

ஐந்தாம் வாரம் ஜோதி வேலைக்குக் கிளம்பினாள். மலைச்சாமி வண்டியில்தான் இடம் இருந்தது. அவரை முகத்துக்கு நேரே பார்க்க ஒரு மாதிரி இருந்தது. அவருக்கும் அப்படித்தான். "ஏறு ஆத்தா. மூலைல உக்காரு. மாப்ள நல்லாத் தூங்குறானா?" என்று மட்டும் கேட்டார். மூலையில் அவள் காலடிக்குக் கேன் வந்து சேர்ந்தது. ஐந்து லிட்டர் கேன்தான். நிறம் மட்டும் வேறு.

முந்தலில் டீ குடித்தார்கள். வண்டி ஏறத் தொடங்கியது. ஜோதி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று. ஐந்து. ஒன்பதாவது வளைவை வண்டி முக்கி முனகித் தாண்டியது. நிற்கவில்லை. அவள் கம்பியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள். சுப்புத்தாய் அதைப் பார்த்தாள்.

பன்னிரண்டாவது வளைவு தாண்டியதும் மலைச்சாமி வண்டியை ஓரங்கட்டினார்.

"சூடாயிருச்சு" என்றார். "ஆத்தா, அந்தக் கேன எடு."

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் முன்னால் போனார். பானட் தூக்கும் சத்தம் கேட்டது. யாரும் இறங்கவில்லை. குளிர் அதிகம். ஒருத்தி போனில் மணி பார்த்தாள்.

"இந்த வண்டிக்கும் வந்திருச்சா?" என்றாள் ஒருத்தி. சிலர் சிரித்தார்கள். சுப்புத்தாய் சிரிக்கவில்லை.

பானட் மூடியது. மலைச்சாமி பின்னால் வந்து கேனை நீட்டினார். குளிரில் அவர் மீசைக்கு மேல் வேர்வை நின்றது.

ஜோதி வாங்கினாள். கை இந்த முறை கவனித்தது. கொடுத்த கனம் அப்படியே திரும்பி வந்திருந்தது.

"அண்ணே, தண்ணி ஊத்தலையா?"

"ஊத்துனேனே ஆத்தா."

அவள் கேனை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் கழுத்துவரை நின்றது.

மலைச்சாமி பள்ளத்தாக்குப் பக்கம் பார்த்தார். "வர்ற மாசம் லைசென்சு புதுப்பிக்கணும் ஆத்தா" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "மாப்ளகிட்டச் சொல்லிராத."

ஜோதி கேனோடு கீழே இறங்கினாள். சாலையில் கேனை வைத்தாள். அதன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"என்ன ஆத்தா, ஏறு. நேரமாச்சு."

அவள் ஏறவில்லை.

சுப்புத்தாய் வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. தூக்குவாளிகள் ஒன்றோடொன்று இடித்தன. ஒவ்வொருத்தியாக இறங்கிச் சாலையோரம் நின்றார்கள். மலைச்சாமி மட்கார்டில் கையை ஊன்றினார். மற்றொரு கை நெஞ்சுக்குப் போனது. இப்போது அவர் வலியை மறைக்கவில்லை.

ஜோதி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மாத்திரை இன்னும் அதில்தான் இருந்தது.

"நாக்குக்கு அடியில வைங்கண்ணே" என்றாள். "முழுங்காதீங்க. உக்காருங்க."

கீழே ஏதோ ஒரு வளைவில் இன்னொரு ஜீப்பு கியர் மாற்றி ஏறி வரும் சத்தம் கேட்டது.